தண்ணி டெஸ்ட்டுக்கு ஜெனரேட்டர் எதுக்கு? ஜவ்வாது மலை போர்வெல்களுக்கு ஏன் இது அவசியம்

தண்ணீர் பரிசோதனை என்றால் ஒரு பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பினால் போதும், ஐந்து நிமிட வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போர்வெல் விஷயத்தில் அது அப்படி இல்லை. முதலில் மோட்டார் ஓட வேண்டும். அதுவும் இடையில் நிற்காமல், பல நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். கரண்ட் எப்போது போகும் என்றே தெரியாத மலை கிராமத்தில் இது எப்படி நடக்கும்?

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர், புதூர்நாடு, நெல்லிவாசல் பகுதிகளில் ஊர்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கின்றன. காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் லைனில் மரம் விழும், கரண்ட் போகும். புதிதாகப் போட்ட போர்வெல் என்றால் மின் இணைப்பே வந்திருக்காது. இங்கெல்லாம் தண்ணீர் பரிசோதனைச் செலவில் ஜெனரேட்டர் வாடகையையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், கையில் வரும் ரிப்போர்ட் எந்தத் தண்ணீரைப் பற்றியது என்றே சொல்ல முடியாது.

ஏன் அவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும்?

போர்வெல் குழாய்க்குள் நாள்கணக்கில் தேங்கி நிற்கும் தண்ணீர் வேறு, பாறை இடுக்கிலிருந்து புதிதாக ஊறி வரும் தண்ணீர் வேறு. தேங்கிய தண்ணீர் இரும்புக் குழாயோடும் காற்றோடும் கலந்து தன் குணம் மாறியிருக்கும். ஊர் குடிக்கப் போவது ஊறி வரும் தண்ணீரை. அதனால் பழைய தண்ணீரை முழுக்க வெளியேற்றிய பிறகுதான் சாம்பிள் எடுக்க வேண்டும். குழாயில் நிற்கும் தண்ணீரின் அளவைப் போல் மூன்று மடங்கை வெளியேற்றுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் சாதாரணமாகப் போடும் ஆறரை இன்ச் போரில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 21 லிட்டர் தண்ணீர் நிற்கும். உள்ளே 40 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால் மொத்தம் சுமார் 850 லிட்டர். மூன்று மடங்கு என்றால் 2,500 லிட்டரைத் தாண்டும். மோட்டார் நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போகும் தண்ணீரில் பி.ஹெச், வெப்பநிலை, மின் கடத்துதிறன் மூன்றையும் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை மீட்டரில் பார்ப்பார்கள். எண்கள் மாறாமல் நின்றால் புதுத் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். பாதியில் கரண்ட் போய், வர மணிக்கணக்கில் ஆனால்? திரும்ப முதலிலிருந்துதான்.

டேங்க்கில் பிடித்தால் என்ன?

அவசரத்தில் பலர் செய்வது இதைத்தான். ஆனால் டேங்க்கில் குளோரின் போட்டிருந்தால் பாக்டீரியா இல்லை என்று ரிப்போர்ட் வரும், போரில் இருந்தாலும் தெரியாது. டேங்க்கே அழுக்காக இருந்தால் நல்ல போருக்குக் கெட்ட பெயர். கயிற்றில் பாத்திரம் கட்டி இறக்கலாம் என்றால், உள்ளே மோட்டார் பைப்பும் கேபிளும் வழியை அடைத்திருக்கும். போர் போடும்போது கம்ப்ரசர் காற்றில் பீறிட்டு வரும் தண்ணீரும் உதவாது. அதில் சேறு கலந்திருக்கும், காற்றுப் பட்டு இரும்பின் அளவும் மாறியிருக்கும்.

அடி பம்புக்கும் திறந்த கிணற்றுக்கும் ஜெனரேட்டர் வேண்டாம். சிக்கல் சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கிய போர்வெல்லுக்கும், இனிமேல் இறக்கப் போகும் போர்வெல்லுக்கும்தான்.

எந்த ஜெனரேட்டர்?

1 ஹெச்.பி. என்பது 746 வாட்தானே, 1 கேவிஏ ஜெனரேட்டர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. மோட்டார் கிளம்பும் அந்தச் சில நொடிகளில் வழக்கமாக எடுப்பதைப் போல ஐந்து, ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன ஜெனரேட்டர் அங்கேயே மூச்சு வாங்கும், வோல்டேஜ் விழும், மோட்டார் காயில் சூடாகும். 1 ஹெச்.பி. மோட்டாருக்கு 5 கேவிஏ, 5 ஹெச்.பி.க்கு 20 கேவிஏ வரை என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 5 கேவிஏ ஜெனரேட்டரை ஒரு சின்ன வண்டியில் மலைக்கு ஏற்றிவிடலாம், 20 கேவிஏ-வை ஏற்றுவது கஷ்டம். அதனால் புதுப் போரில் டெஸ்ட்டுக்கு மட்டும் ஒரு சின்ன மோட்டாரை இறக்குவது புத்திசாலித்தனம்.

சில விஷயங்களில் கவனம் தேவை. முதலில் ஜெனரேட்டரைக் கிளப்பி, பிறகு மோட்டாரைப் போட வேண்டும். நிறுத்தும்போது மோட்டார் முதலில். ஏற்கெனவே மின் இணைப்பு இருந்தால் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் ஜெனரேட்டரைக் கொடுக்கவே கூடாது. கரண்ட் திரும்ப லைனில் ஏறினால், எங்கோ கம்பத்தில் வேலை செய்யும் மின் ஊழியரின் உயிர் போகும். ஜெனரேட்டரை மோட்டார் ரூமுக்குள் வைத்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். போரிலிருந்து தள்ளி, புகையும் பெட்ரோலும் சாம்பிள் பக்கம் வராதபடி வைக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றிய கையோடு பாட்டிலைத் தொடக் கூடாது.

கரண்ட் வரும்வரை காத்திருந்தால் ஆகாதா?

இது நியாயமான கேள்வி. ஆனால் பாக்டீரியா சோதனைக்கான சாம்பிள் ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். கரண்ட் ராத்திரியில் வந்தால் அப்போது மலை இறங்க வண்டி வேண்டும். ஜல் ஜீவன் திட்ட வழிகாட்டுதல்படி பாக்டீரியா சோதனை ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்பும் பின்பும் நடக்க வேண்டும். மலையில் கரண்ட் அதிகம் படுத்துவதும் அதே மழைக் காலத்தில்தான். சோலார் மோட்டார் நல்ல வழிதான். ஆனால் அது ஒரு போரோடு நின்றுவிடும், மேகம் மூடினால் படுத்துவிடும். ஜெனரேட்டர் இன்று ஒரு ஊர், நாளை இன்னொரு ஊர் என்று போகும்.

இந்த ரிப்போர்ட்டில் மாட்டியிருப்பது சின்ன விஷயம் இல்லை. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தின்படி 100 மில்லி தண்ணீரில் ஒரு இ-கோலி கூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. பக்கத்து மாவட்டங்களான தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஃபுளோரைடால் பல ஆண்டுகளாக அவதிப்படுகின்றன. நைட்ரேட்டும் ஃபுளோரைடும் கொதிக்க வைத்தாலும் போகாது. பைப் லைன், டேங்க் எல்லாம் கட்டி முடித்த பிறகு தண்ணீர் சரியில்லை என்று தெரிந்தால் அத்தனை பணமும் வீண். ஜெனரேட்டருக்கு ஆகும் சில லிட்டர் பெட்ரோல் அதற்கு முன் எம்மாத்திரம்?

ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் 5 பெண்களுக்குக் கிட் வைத்துத் தண்ணீர் பார்க்கப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. கிட் கொடுத்தால் மட்டும் போதாது, நல்ல சாம்பிளும் அவர்கள் கைக்குக் கிடைக்க வேண்டும். ஒன்றியத்துக்கு ஒரு 5 கேவிஏ ஜெனரேட்டர், ஒரு டெஸ்ட் மோட்டார், ஒரு சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச், இயக்கத் தெரிந்த ஒரு ஆள். இவ்வளவுதான் தேவை. ஊர்களுக்கு முறை வைத்து அனுப்பலாம்.

அதுவரை, உங்கள் ஊர் தண்ணீர் ரிப்போர்ட் கையில் வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சாம்பிள் போரில் பிடித்ததா, டேங்க்கில் பிடித்ததா? பிடிப்பதற்கு முன் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது? பிடித்து எத்தனை மணி நேரத்தில் லேபுக்குப் போனது? இவற்றுக்குப் பதில் இல்லையென்றால், அந்த ரிப்போர்ட்டை நம்பி குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது.