மாடி போர்ஷனுக்கு ஆள் வருகிறார்கள்

மிச்சிகன்,
டிசம்பர்

கோபாலபுரத்து அன்பர்களுக்கு,



என்னைச் சிலருக்காவது ஞாபகம் இருக்கும். கிரவுண்டுக்குப் பின்பக்கத் தெருவில், மாடிக்கு வெளிப்பக்கமாகப் படி வைத்த வீட்டுப் பையன். ஸ்டம்ப் பறந்தாலும் 'இது ட்ரையல் பால்' என்று சாதித்தவன். ஊரை விட்டு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கார்க் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. அந்த வேலையாகத்தான் போன நவம்பரில் பத்து நாள் தென்கொரியாவுக்குப் போயிருந்தேன்.

அங்கே ஜோன்ஜூ ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது நம் ஊர் புரோக்கர் போன் செய்தார். "சார், மாடி போர்ஷன் காலியாயிடுச்சு. டூ-லெட் போட்டுடறேன். வழக்கம்போல 'வெஜ் ஒன்லி'தானே?"

எப்போதும் யோசிக்காமல் "ஆமாம்" என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கு வாயில் வரவில்லை. "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம்தான் இந்தக் கடிதம்.

ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். ஜோன்ஜூ பிபிம்பாப்புக்குப் பேர்போன ஊர். பாப் என்றால் சோறு. பிபிம்பாப் என்றால் கலந்த சோறு. சாப்பாட்டுக்காகவே அந்த ஊரை யுனெஸ்கோ 2012-ல் தன் உணவு நகரங்கள் பட்டியலில் சேர்த்தது. எங்களோடு வந்த கொரிய இன்ஜினியர் எனக்காக, "கோகி பேகோ" என்றார். இறைச்சி வேண்டாம் என்று அர்த்தம். பத்து நாளில் நான் கற்றுக்கொண்ட முக்கால்வாசிக் கொரிய மொழி அதுதான். கடைக்கார அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டி, நீளமாக ஏதோ சொன்னார். இன்ஜினியர் மொழிபெயர்த்தார்: "மேலே வைக்கிற பச்சை மாட்டிறைச்சியை எடுத்துவிடலாம். ஆனால் எங்கள் வழக்கப்படி சோறே மாட்டெலும்புச் சாற்றில் வெந்தது. சொல்லாமல் போட்டால் அது ஏமாற்று. இருபது நிமிஷம் பொறுத்தால் இவருக்குத் தனியாகச் சோறு வைக்கிறேன்."

புரோக்கரின் போன் வந்தது அந்த இருபது நிமிஷத்துக்குள்.

சோறு வெண்கலக் கிண்ணத்தில் வந்தது. கிண்ணத்தைச் சுற்றி வட்டமாக முளைகட்டிய சோயா, கீரை, முள்ளங்கி, மலையில் பறித்த பெரணித் தண்டு. நடுவில் மஞ்சளாய் நடுங்குகிற ஒரு துண்டு. பச்சைப்பயற்று மாவைக் காய்ச்சி ஆறவைத்து, கார்டீனியாக் காயின் சாயம் ஏற்றிய அல்வா மாதிரி வஸ்து, ஆனால் இனிப்பில்லை. மேலே மிளகாய் விழுது, வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெய். வெண்கலப் பானையில் பொங்கல் வைத்த அம்மாவுக்கு அந்தக் கிண்ணம் பிடித்திருக்கும். நான் ஒரு ஓரமாகத் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்ததும் அந்த அம்மாள் ஸ்பூனைப் பிடுங்கி, அடியிலிருந்து மேலாகக் கிளறி, சோறு முழுக்கச் சிவந்ததும்தான் திருப்பிக் கொடுத்தார். கிம்ச்சித் தட்டை என்னிடமிருந்து தள்ளி வைத்தார்: அதில் உப்பிட்ட சின்ன இறால் சேர்ந்திருக்கிறது, தொடாதே.

இதைச் சாப்பிட்டுக்கொண்டே 'வெஜ் ஒன்லி' என்று எப்படிச் சொல்வது?

இப்போது பழைய கதை. பெரியவர்களுக்குத் தெரியும், சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். 1996-ல் ஹூண்டாய் நம் ஊருக்கு வந்தது. 1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டையில் செய்த சான்ட்ரோ ரோட்டுக்கு வந்தது. தாய்க்கோழி பின்னால் குஞ்சுகள் மாதிரி உதிரிபாகக் கம்பெனிகளும் வந்தன. அப்படி ஒன்றில்தான் எனக்கு முதல் வேலை. அங்கே எனக்கு மேலே இருந்த கொரியருக்கு வீடு தேவைப்பட்டது. நான்தான் அப்பாவிடம் பேசி நம் மாடி போர்ஷனை முடித்தேன். பத்து மாத அட்வான்ஸ், பதினோரு மாத அக்ரிமெண்ட்.

வந்த முதல் வாரமே அவருடைய மூன்று வயதுப் பெண் படியில் இறங்கி "அப்பா!" என்று கூப்பிட, வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் அப்பா "என்னடா?" என்று திரும்பினார். தெருவே சிரித்தது. அவர்கள் மொழியிலும் அப்பா அப்பாதான், அம்மா 'ஓம்மா'. அந்த ஒரு வார்த்தையில் குழந்தை நம் எல்லார் வீட்டுக்கும் செல்லமானாள். உங்களில் சிலர் முறுக்குக் கொடுத்து அனுப்பியதும் எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு ஜாடிகள் வந்தன. ஜாம் பஜாரிலிருந்து மூட்டை முட்டைக்கோஸ், பூண்டு, மிளகாய்த் தூள். மொட்டைமாடியில் அந்தக் கொரியரின் மனைவி உட்கார்ந்து உப்புப் போட்டுப் பிசைந்து ஜாடியில் அடைத்தார். இன்னொரு ஜாடியில் சோயா மொச்சை ஊறிப் புளித்தது. அதன் கழுத்தில் ஒரு கயிறு. கயிற்றில் காய்ந்த மிளகாயும் கரித்துண்டும். வாசம் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாசத்தைவிட அந்தக் கயிறுதான் பேச்சானது. 'செய்வினை மாதிரி இருக்கு' என்று யாரோ ஆரம்பித்தார்கள். பெருமாள் கோயில் இருக்கிற இடத்தில் இதெல்லாமா என்று நான்கு பேர் அப்பாவிடம் வந்து உட்கார்ந்தார்கள். அப்பா சண்டைக்காரர் இல்லை. அக்ரிமெண்ட் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை.

அதைக் கொரியரிடம் போய்ச் சொன்னவன் நான். "அண்ணன் வெளியூரிலிருந்து வருகிறார், வீடு வேண்டும்" என்றேன். எனக்கு அண்ணன் கிடையாது. அது அவருக்கும் தெரியும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. காலி செய்த அன்று சாவியை இரண்டு கையாலும் நீட்டினார். ஆகையால் இந்தக் கடிதத்தில் உங்கள்மீது குற்றப்பத்திரிகை எதுவும் இல்லை. இருந்தால் முதல் பெயர் என்னுடையது.

ஜோன்ஜூவிலிருந்து குவாங்ஜூவுக்குப் போகிற வழியில் சுன்சாங் என்று ஓர் ஊர். மிளகாய் விழுதுக்குப் பேர்போனது. வீட்டுக்கு வீடு முற்றத்தில் பழுப்பு ஜாடிகள் வரிசை வரிசையாக, நம் பக்கம் ஐயனார் கோயில் குதிரைகள் நிற்கிற மாதிரி. இந்த ஜாடியை 'ஓங்கி' என்கிறார்கள். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதால் ஜாடி மூச்சு விடும். உள்ளே இருப்பது கெடாமல் புளிக்கும். சோயாவை வேகவைத்து, இடித்து, கட்டியாகப் பிடித்து, வைக்கோலில் கட்டித் தொங்கவிட்டு, பிறகு உப்புத் தண்ணீரில் மாதக்கணக்காக ஊறவைக்கிறார்கள். வடிகிற நீர் சோயா சாஸ், தங்குகிற விழுது தோயன்ஜாங். இந்தக் கைப்பக்குவத்தை 2024-ல் யுனெஸ்கோ மானுட மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

சில ஜாடிகளின் கழுத்தில் அந்தக் கயிறு! வைக்கோல் புரி, மிளகாய், கரி. என்னவென்று கேட்டேன். "கெட்டது எதுவும் அண்டாமல் இருக்க" என்றார் வீட்டுக்காரர். திருஷ்டிக் கயிறு, அவ்வளவுதான். நம் கடை வாசலிலும் ஆட்டோ முன்னாலும் எலுமிச்சையோடு நாம் கோர்த்துத் தொங்கவிடுகிற அதே மிளகாய், அதே கரித்துண்டு. மிளகாய்கூட அவர்களுக்கும் சொந்தமில்லை, நமக்கும் சொந்தமில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி இரண்டு இடத்துக்கும் வந்தது. திருஷ்டி கழிக்கிற புத்தி மட்டும் இரண்டு பேருக்கும் சொந்தம்போல. அதைச் செய்வினை என்று நாம் பேசியபோது நம் வாசலிலேயே ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொசோங் தேயிலைத் தோட்டம் பார்க்கப் போனேன். குன்னூரைச் சீப்பால் வாரிவிட்ட மாதிரி, மலைச்சரிவு முழுக்க வளைந்து வளைந்து பச்சை வரிகள். வழியெல்லாம் இலை உதிர்ந்த மரங்களில் தக்காளி நிறத்தில் பழம், பெர்சிமன். தோலைச் சீவி, கயிற்றில் கோர்த்து, தாழ்வாரத்தில் நாம் மாவிலைத் தோரணம் கட்டுவதுபோலக் காயவிட்டிருந்தார்கள். காய்ந்தால் பேரீச்சம்பழமும் சப்போட்டாவும் சேர்ந்த ருசி. ஆனால் எல்லா மரத்திலும் உச்சியில் மட்டும் இரண்டு மூன்று பழம் பறிக்காமல் இருந்தது. எட்டவில்லையா என்று கேட்டேன். இல்லை, வேண்டுமென்றேதான் விடுகிறார்கள். அதற்குப் பெயர் 'கச்சிபாப்'. கச்சி என்றால் மேக்பை என்கிற, காக்கைக்குச் சொந்தக்காரப் பறவை. அதற்கு வைத்த சோறு.

அம்மா தினமும் காக்கைக்கு முதல் பிடி வைத்தது நம் மாடிக் கைப்பிடிச் சுவரில். அந்த ஜாடிகள் இருந்ததும் அதே சுவரோரம்தான்.

உல்சானில் இரண்டு நாள் வேலை. ஹூண்டாயின் தாய்வீடு. தொழிற்சாலைக்கென்றே தனித் துறைமுகம். கார்கள் வாசலிலிருந்து நேராகக் கப்பலில் ஏறுகின்றன. அந்த ஊர் அதிவேக ரயில் நிலையப் பலகையில் 'உல்சான்' என்பதற்குப் பக்கத்திலேயே 'தோங்தோசா' என்று இருக்கும். அது அருகிலுள்ள பௌத்தக் கோயிலின் பெயர். கி.பி. 646-ல் ஜாஜாங் என்ற துறவி நிறுவியது. பைன் மரங்களுக்கு நடுவே ஓடையோரமாக நடந்து போக வேண்டும். பிரதான மண்டபத்தில் புத்தர் சிலை கிடையாது. பின்னால் கல்மேடையில் புத்தரின் தாது இருப்பதாக நம்பிக்கை. ஜன்னல் வழியே அந்த வெளியைப் பார்த்துத்தான் வணங்குகிறார்கள். சிதம்பரத்தில் திரையை விலக்கிக் காட்டுவார்களே, அந்த நினைப்பு வந்தது.

மதியம் அங்கேயே சாப்பாடு. கோயில் சமையலில் மாமிசம் இல்லை என்பதோடு, பூண்டு, வெங்காயம் முதலான ஐந்து நெடிப் பொருள்களும் விலக்கு. என் பாட்டி இருந்திருந்தால் கால் அலம்பிவிட்டுத் தைரியமாக உட்கார்ந்திருப்பாள். சோறு, நான்கு காய், ஒரு சூப். சாப்பிட்டதும் அவரவர் கிண்ணத்தை அவரவர் கழுவி வைக்க வேண்டும். முந்தின இரவு பன்றி இறைச்சியை அடுப்பு மேல் புரட்டிப் புரட்டித் தின்ற நம் இன்ஜினியர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். அவரை வாசலில் நிறுத்தி, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று யாரும் கேட்கவில்லை.

எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பாதி நாள் வாழைப்பழமும் கடற்பாசி சுற்றிய சோறுமாகத்தான் ஓட்டினேன். சுத்த சைவமாகத் தெரிகிற சூப்பிலும் நெத்திலி நீந்தியிருக்கும். வேற்றுநாட்டுத் தொழிலாளிகள் அங்கே படுகிற பாடு தனிக்கதை. நான் இருக்கிற ஊரும் யோக்கியம் இல்லை. வந்த புதிதில் நான் சாம்பாருக்குப் பெருங்காயம் போட்ட மறுநாள், கதவிடுக்கில் ஒரு சீட்டு கிடந்தது. 'உங்கள் வீட்டில் ஏதோ செத்திருக்கிறது, பார்க்கவும்.' அன்றைக்குத்தான் அந்தக் கொரியப் பெண்மணியின் முகம் எனக்கு முதல் தடவையாக நினைவுக்கு வந்தது.

புசான் போவதற்கு முன் கிம்ஹேவில் அரை நாள். அங்கே ஒரு ராணியின் சமாதி இருக்கிறது; பச்சைப் புல் போர்த்திய வட்ட மேடு. 13-ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'சாம்குக் யூசா' நூல் சொல்கிற கதைப்படி, கி.பி. 48-ல் 'ஆயுதா' என்ற நாட்டிலிருந்து கப்பலில் வந்த இளவரசி. கயா நாட்டு ராஜா சூரோவை மணந்தவள். பெயர் ஹோ ஹ்வாங்-ஓக். ஆயுதா அயோத்தியா, நம் தெற்கா என்கிற சண்டைக்கு நான் வரவில்லை. கதை எங்கே முடிகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். கிம்ஹே கிம் வம்சத்தார் லட்சக்கணக்கில் இன்றும் அவளைத் தங்கள் பாட்டி என்கிறார்கள். அன்று இரவு சாப்பிட்ட கடைச் சுவரில் உருட்டி விழித்த கண்ணும் தாடியுமாக ஒரு படம். 'தல்மா' என்றார்கள், போதிதர்மர். காஞ்சிபுரத்தார் என்பது நம் பக்கத்து மரபு. சென்னையிலிருந்து இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டித்தானே காஞ்சிக்குப் போக வேண்டும்! நம் பக்கத்திலிருந்து வந்ததாகக் கதை உள்ளவர்களுக்கு அவர்கள் அரியணையும் சுவரும் கொடுத்திருக்கிறார்கள். நம்மிடம் அவர்கள் கேட்டது ஒரு மாடி போர்ஷன். அதுவும் வாடகைக்கு.

ஊர் திரும்பியதும் புரோக்கருக்குப் போன் செய்தேன். "டூ-லெட்டுன்னு மட்டும் போடுங்க."

"அப்போ நான்-வெஜ் ஓகேவா சார்?"

"அதைப் பத்தி ஒண்ணும் போடாதீங்க."

ஜனவரி முதல் தேதி ஒரு குடும்பம் வருகிறது. புருஷனுக்கு ராயப்பேட்டையில் வேலை, ஒரு பெண் குழந்தை. போனில் அவர் இரண்டு தடவை, "சார், நாங்க வந்து..." என்று இழுத்தார். எதைச் சொல்ல வருகிறார் என்று புரிந்தது. "மெட்ரோ வாட்டர் மோட்டாரைக் காலையில ஆறு மணிக்குள்ள போட்டுடணும்" என்று பேச்சை மாற்றிவிட்டேன். என்ன சாப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியவந்தால், வாசம் பொறுக்கவில்லை என்றால், எனக்கு வாட்ஸப் செய்யுங்கள். திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் கதவை மட்டும் தட்ட வேண்டாம்.

மொட்டைமாடி மூலையில் ஒரு பழுப்பு ஜாடி இருக்கும். அந்தக் கொரியக் குடும்பம் தூக்கிப் போக முடியாமல் விட்டுப் போனது; அம்மா கடைசிவரை அதில் கல்லுப்புப் போட்டு வைத்திருந்தாள். வருகிறவர்களுக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும்.

கொரியாவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "பாப் மொகொஸ்ஸோயோ?" என்பார்கள். சோறு சாப்பிட்டீர்களா என்று அர்த்தம். பதில் முக்கியமில்லை, கேட்பதுதான் மரியாதை. நமக்கும் அதே வழக்கம் உண்டு. வருகிறவர்கள் படியேறும்போது யாராவது பார்த்தால், "சாப்டாச்சா?" என்று கேளுங்கள். என்ன சாப்பிட்டார்கள் என்பது வேண்டாம்.

இப்படிக்கு,
மாடிப்படி வீட்டுப் பையன்