வாத்தியாருக்கு ஏன் ஸ்பேனர்?



நேற்று செஞ்சியில் என் வீட்டு வாசலில் காரின் பெல்ட்டை நானே மாற்றினேன். "வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை?" என்று இருவர் கேட்டார்கள். அக்கறை கொஞ்சம், இளக்காரம் அதிகம்.

அந்த ஒரே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் ஏசியையும் ஓட்டுகிறது; பல கார்களில் வாட்டர் பம்பையும். அறுந்தால் பேட்டரியில் சார்ஜ் ஏறாது, இன்ஜின் கொதித்துவிடும். விரிசலைப் பார்த்ததும் மெக்கானிக்காக இருக்கும் என் பழைய மாணவனுக்குப் போன் செய்தேன். "இன்ஜின் ஆறட்டும் சார். பேட்டரி ஒயரைக் கழட்டுங்க. பெல்ட் போற வழியை போட்டோ எடுத்துக்கிட்டு, அப்புறம் டென்ஷனரைத் தளர்த்துங்க" என்றான். அப்படியே செய்தேன்.

"படிக்கலைன்னா ஸ்பேனர் பிடிக்கத்தான் போவே" என்று அவனை வகுப்பில் ஏசியவன் நான். கைத்தொழில் வழியே கல்வி என்று 1937-இல் வார்தாவில் காந்தி சொன்னதைப் பயிற்சியில் படித்துத் தேர்வும் எழுதினேன். வகுப்பிலோ கைவேலையைத் தண்டனையாகக் காட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்றான்.

நான் விடமாட்டேன். உங்கள் பிள்ளைகளிடம் அதே வசனத்தைச் சொல்லாதீர்கள். கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுங்கள்.