நாடி பிடிச்சுப் பார்க்க ஒரு நிமிஷம் கூடவா இல்ல?

இது கோயில் விஷயம் இல்லன்னு தள்ளிட்டுப் போயிடாதீங்க. வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும் பெரியவங்களைச் சக்கர நாற்காலியோட படி ஏத்துறது தொண்டர்களாகிய நாங்கதான். அவங்கள்ல எத்தனை பேர் ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்தவங்கன்னு எங்களுக்குத் தெரியும்.

ஸ்ட்ரோக் என்றாலே பிரஷர், இனிப்பு நீர் என்றுதான் பேசுகிறோம். இதயம் தாளம் தப்பித் துடிப்பதைப் பற்றி யாரும் பேசுறதில்ல. இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும்போது ரத்தம் அங்கேயே தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவங்களுக்கு ஸ்ட்ரோக் ஆபத்து சுமார் 5 மடங்கு. பலருக்கு அறிகுறியே இருக்காது. படபடப்பு வந்தாலும் "வயசாச்சுல்ல, அப்படித்தான்"னு சொல்லிட்டு பத்துமலை 272 படி ஏறுறாங்க. முருகன் பார்த்துக்குவாராம்! பார்த்துக்குவார்தான், ஆனா நாடி பிடிச்சுப் பார்க்கிற வேலையை நம்மகிட்டதானே விட்டிருக்கார்.

எங்க கோபம் பார்மசிகள் மேல. மாசா மாசம் மருந்து, தைலம் வாங்க நம்ம பெரியவங்க அங்கதான் போறாங்க. டாக்டரைப் பார்க்கிறதைவிட பார்மசிஸ்ட்டைத்தான் அதிகம் பார்க்கிறாங்க. பிரஷர் மெஷினை மாட்டி நம்பரைச் சொல்லி அனுப்பிடுறாங்க. மணிக்கட்டில் விரல் வச்சு துடிப்பு சீரா இருக்கான்னு எத்தனை கடையில பார்க்கிறாங்க? கையடக்க இ.சி.ஜி. கருவி இருந்தா அரை நிமிஷ வேலை. அதுக்கு நேரமில்ல, ஆனா 'இதயத்துக்கு நல்லது'ன்னு மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவைக் கையில திணிக்க மட்டும் நேரம் இருக்கு. அதையே அதிக அளவில் சாப்பிட்டால் இதே தாளக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுதுன்னு ஆய்வுகள் காட்டியிருக்கு! திருவிழாவுக்கு உபயம் கொடுத்து பேனர் கட்டுற மருந்துக்கடை முதலாளிகளும் இதைக் கொஞ்சம் படிங்க.

நடக்கிற காரியமா என்று கேட்காதீங்க. சிட்னியில் 10 பார்மசிகளில் 65 வயதைத் தாண்டிய 1,000 பேருக்கு இப்படிப் பார்த்தாங்க. 2014-இல் முடிவு வெளிவந்தது. தனக்கு இந்தக் கோளாறு இருக்குன்னே தெரியாத 15 பேர் பிடிபட்டாங்க. வெறும் 15 தானேன்னு சொல்றவங்க, அதுல ஒருத்தர் உங்க அம்மான்னா என்ன சொல்வீங்க?

"இது டாக்டர் வேலை"ன்னும் ஒரு சாக்கு இருக்கு. முடிவு சொல்வது டாக்டர்தான், நாங்க மறுக்கல. முழு இ.சி.ஜி. எடுத்து அவர் உறுதி செய்யணும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து வேணுமான்னும் அவர்தான் சொல்லணும். அந்த மருந்து ஸ்ட்ரோக் ஆபத்தை மூன்றில் இரண்டு பங்கு வரை குறைக்கும். ஆனா சந்தேகமே வராம யார் டாக்டர்கிட்ட போவாங்க? அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான்.

அடுத்த முறை அப்பா அம்மாவோட பார்மசிக்குப் போனா கூச்சப்படாம கேளுங்க: "நாடி பிடிச்சுப் பாருங்க, சீரா இருக்கா?" மாட்டேன்னு சொன்னா கடையை மாத்துங்க. ஞாயிற்றுக்கிழமை அன்னதான வரிசையில் நாங்க ஒவ்வொருத்தரா விசாரிப்போம், கோவிச்சுக்காதீங்க.