வாய் போனால் புத்தி போச்சா?

"பெரியவருக்கு நினைவு சரியில்ல போலிருக்கே சார். மகன் பேர்ல ஒரு பவர் எழுதி வாங்கிட்டு வந்துடுங்களேன்."

கூடுவாஞ்சேரியில் ஒரு வங்கிக் கவுன்டரில் இதைச் சொன்ன அதிகாரி கெட்டவர் இல்லை. பெரியவர் உட்கார நாற்காலி போடச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் பெரியவரைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னையும் அவர் மகனையும் பார்த்துச் சொன்னார்.

பெரியவர் எங்கள் தெருக்காரர். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்து ரிட்டையர் ஆனவர். ஒரு நட்டு, போல்ட்டு குறைந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார் என்பார்கள். இருபது வருட சர்க்கரை, கூடவே பிரஷர். போன வருடம் ஒரு நாள் காலையில் ஸ்ட்ரோக். உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு போயிற்று. மிஞ்சியது ஒரே வார்த்தை: "அதான்."

காபி வேண்டுமா? அதான். வலிக்கிறதா? அதான். பேத்தி முதல் ரேங்க் வாங்கினாள் என்றால், கண்கலங்க, அதான்... அதான்.

அன்று அவர் வங்கிக்கு வந்தது தன் சொந்த எஃப்.டி.யை உடைக்க. அதிகாரி கேட்டது இரண்டே இரண்டு. வாயால் சொல்லுங்கள், இல்லையென்றால் கையெழுத்துப் போடுங்கள். மூளையின் இடது பக்க ரத்தக் குழாய் அடைத்தால் முதலில் பறிபோவது இந்த இரண்டும்தான்! பெரும்பாலோருக்குப் பேச்சு இருப்பது இடது மூளையில். வலது கையை ஆட்டுவிப்பதும் அதே இடது மூளை.

இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் அஃபேசியா. புது வியாதி ஒன்றும் இல்லை. 1861-ல் பாரிஸில் பால் ப்ரோக்கா என்ற டாக்டரிடம் லெபோர்ன் என்ற நோயாளி வந்தார். இருபது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவர். எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஒரே சத்தம்தான் வரும். ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயரே டான். ஆனால் கேட்பது ஏறக்குறைய எல்லாமே அவருக்குப் புரிந்தது. சைகையால் பதில் சொன்னார். அவர் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்த ப்ரோக்கா, இடது முன் பக்கத்தில் சேதத்தைக் கண்டார். வார்த்தை வேறு, புத்தி வேறு என்று உலகம் தெரிந்துகொண்டு நூற்று அறுபது வருடம் தாண்டிவிட்டது. நம் கவுன்டர் வரை அந்தத் தகவல் இன்னும் வந்து சேரவில்லை.

எல்லோருக்கும் எல்லாம் புரியும் என்று நான் சொல்லவில்லை. அஃபேசியாவில் வகைகள் உண்டு. சிலர் சரளமாகப் பேசுவார்கள், அர்த்தம் இருக்காது, நாம் பேசுவதும் அவர்களுக்குச் சரியாக ஏறாது. யார் எந்த வகை என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். அரை நிமிடம் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தீர்ப்பெழுதக் கூடாது.

சுவீடன் கவிஞர் தோமஸ் ட்ரான்ஸ்ட்ரோமருக்கு 1990-ல் ஸ்ட்ரோக். வலது பக்கம் செயலிழந்தது, பேச்சும் போனது. அதன் பிறகும் கவிதைப் புத்தகம் வந்தது. இடது கையாலேயே பியானோ வாசித்தார். 2011-ல் நோபல் பரிசு. நம்மூரில் இருந்திருந்தால் பரிசுப் பணத்தை வாங்க மகன் பேரில் பவர் கேட்டிருப்பார்கள்.

பவர் என்ற யோசனையையே கொஞ்சம் பாருங்கள். புத்தி சரியில்லாதவர் எழுதிக் கொடுக்கும் பவர் செல்லாது. புத்தி சரியாக இருந்தால் பவர் எதற்கு? நேரே அவரிடமே கேட்டுவிடலாமே! நான் இதைக் கேட்டபோது அதிகாரி, "நாளைக்குப் பிரச்னை வந்தா என் வேலை போயிடும் சார்" என்றார். அந்தப் பயம் பொய்யில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்தவரிடம் கைநாட்டு வாங்கி வீட்டையே எழுதிக்கொண்ட பிள்ளைகள் கதை எல்லாத் தெருவிலும் உண்டு. அந்தப் பயத்துக்கு மருந்து, அவர் பணத்தை அதே பிள்ளை கையில் தூக்கிக் கொடுப்பதா?

சட்டம் இதை யோசித்திருக்கிறது. 2016-ல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சு-மொழிக் குறைபாட்டை விளக்கும்போது அஃபேசியாவின் பெயரையே சொல்கிறது. 13-ம் பிரிவு, தன் சொத்தையும் பண விவகாரங்களையும் தானே நிர்வகிக்க மற்றவர்களுக்குச் சமமாக அவருக்கும் உரிமை உண்டு என்கிறது. உதவிக்கு வருகிறவரின் நலன் அவர் நலனோடு மோதினால், அந்த விவகாரத்திலிருந்து உதவுகிறவர் விலகி நிற்க வேண்டும் என்றும் சொல்கிறது. கையெழுத்துப் போட முடியாத நோயாளிக்கு ரிசர்வ் வங்கி வழி சொல்லியிருக்கிறது. விரல் ரேகை, அதுவும் முடியாதென்றால் கால் விரல் ரேகை. சாட்சி இரண்டு பேர், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரி. கால் விரல் வரைக்கும் யோசித்தவர்களின் சுற்றறிக்கையைக் கவுன்டரில் இருப்பவர் படித்திருக்க வேண்டாமா?

வங்கியை மட்டும் திட்டிப் பயனில்லை. ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் செய்தபோது மாத்திரை எழுதினார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், பிசியோதெரபி எழுதினார்கள். பேச்சுக்கு? "தானா வரும்மா, பார்க்கலாம்." இத்தனைக்கும் ரயிலில் அடுத்த ஸ்டேஷன் பொத்தேரி. அங்கே உள்ள பல்கலைக்கழகத்தில் பேச்சு சிகிச்சை ஒரு பட்டப்படிப்பு. கேளம்பாக்கம் வழியாகப் போனால் முட்டுக்காட்டில், பல்வகை ஊனங்களுக்கென்றே 2005-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். இப்படி இரண்டு இடம் இருப்பதை அந்தக் குடும்பத்துக்கு யாருமே சொல்லவில்லை. முதல் சில மாதங்களில்தான் பேச்சு வேகமாகத் திரும்பும். அந்த மாதங்கள் போயே போய்விட்டன. 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபோது மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கே போயின. நல்ல திட்டம். கையை மடக்கி நீட்டச் சொல்லித்தர ஆள் வரலாம் என்றால், வார்த்தையைத் தேடித்தரவும் ஒரு ஆள் வரலாமே.

தாத்தாவிடம் எப்படிப் பேசுவது என்று கண்டுபிடித்தது ஏழாவது படிக்கும் பேத்தி. 2025-ல் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் சர்க்கரை போர்டு வைக்கச் சொன்னதல்லவா, அதற்காக அவள் ஒரு நோட்டில் படம் போட்டிருந்தாள். 300 மில்லி கோலா பாட்டில், பக்கத்தில் 6 டீஸ்பூன் சர்க்கரை. (பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் இந்த மாதிரிச் சரக்கு விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்தாயிற்று. போர்டு உள்ளே, ஃப்ரிட்ஜ் வெளியே! குழந்தை மட்டும் விழிப்புணர்வோடு இருக்க வேண்டும்.) தாத்தா அந்தப் பாட்டில் படத்தை இடது கையால் தொட்டு, தன் வாயைத் தொட்டு, வேண்டாம் என்று தலையாட்டினாராம். "தாத்தாவுக்கு எல்லாம் தெரியுது அங்கிள்!" என்று ஓடி வந்தாள்.

இப்போது அந்த நோட்டில் காபி, மாத்திரை, பாத்ரூம், வலி, பணம் எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு டிக், ஒரு பெருக்கல் குறி. ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்பாள். "பணம் எடுக்கணுமா?" டிக். "பணம் அப்படியே இருக்கட்டுமா?" பெருக்கல். இரண்டும் பொருந்தினால்தான் ஏற்றுக்கொள்வாள். ஆமாம் என்று சொல்ல வந்து இல்லை என்று தலையாட்டுவது இந்த நோயில் சகஜம் என்பதால், சிகிச்சையாளர்களும் இப்படித்தான் கேட்பார்கள். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அன்று கவுன்டரில் நோட்டைக் காட்டியபோது, "இதெல்லாம் ரெக்கார்டுல வராதுங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை மறுபடி போகிறோம். இந்த முறை மேனேஜரையே பார்ப்பதாக இருக்கிறோம். நோட்டோடு 13-ம் பிரிவின் நகலும் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையும் பையில் இருக்கின்றன. மகன் வெளியே நிற்பதாகச் சொல்லிவிட்டார்.