தேவதை வேண்டாம், நர்ஸ் போதும்

ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்துவிட்டு வீடு திரும்பிய எந்தப் பெரிய மனிதரைப் பார்க்கப் போனாலும் ஒரு புகாரைக் கேட்காமல் வர முடிவதில்லை. "டாக்டர் தங்கமான மனுஷர், ஸார். ஆனால் இந்த நர்ஸுகள் இருக்கிறார்களே, எல்லாம் கூலிக்கு மாரடிக்கிற கூட்டம். ஓர் அன்பு, ஓர் ஆதரவு கிடையாது!"

தங்கமான டாக்டர் எத்தனை ஆயிரத்துக்கு மாரடித்தார் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அவர் வாங்குவது ஃபீஸ், அது கௌரவம். நர்ஸ் வாங்குவது சம்பளம். அது அன்புக்கு விரோதம்! இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே புரிகிறது. அதனால்தான் கோபம் வருகிறது.

இந்தக் குற்றத்தில் பாதி என் வர்க்கத்தாரான கதாசிரியர்களைச் சேரும். நம் கதைகளிலும் படங்களிலும் நர்ஸ் என்றால் வெள்ளை உடுப்புப் போட்ட தியாகம். 1961-இல் வந்த 'பாலும் பழமும்' படத்தில் நர்ஸ் டாக்டரை மணக்கிறாள். தனக்குக் காசநோய் என்று தெரிந்ததும் கணவனின் ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாகக் கூடாதென்று வீட்டைவிட்டே போய்விடுகிறாள். தமிழ்நாடு கைக்குட்டையை நனைத்துக்கொண்டு பார்த்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1959-இல், வங்காளத்தில் அசித் சென் 'தீப் ஜ்வேலே ஜாய்' என்ற படத்தை எடுத்தார். சுசித்ரா சென் மனநோய் ஆஸ்பத்திரி நர்ஸ். காதலில் தோற்று மனம் பேதலித்த வாலிபர்களிடம் அவள் காதலிப்பதுபோல் நடிக்க வேண்டும்; அதுதான் பெரிய டாக்டர் கண்டுபிடித்த சிகிச்சை. முதல் நோயாளி குணமாகிப் போய்விடுகிறான். நடித்தவளுக்குத்தான் அது நடிப்பாக இருக்கவில்லை. மறுபடியும் ஒரு நோயாளி, மறுபடியும் அதே உத்தியோகம். கடைசியில் அவளே அந்த ஆஸ்பத்திரியில் நோயாளியாகிறாள். 1969-இல் அதே டைரக்டர் வஹீதா ரெஹ்மானை வைத்து 'காமோஷி' என்று ஹிந்தியிலும் எடுத்தார். பார்த்தவர்கள் எல்லோரும் "ஆஹா, என்ன தியாகம்!" என்றார்கள். எனக்கு அது தியாகமாகத் தெரியவில்லை, குற்றப்பத்திரிகையாகத் தெரிந்தது. மருந்து அலமாரியில் இல்லாத ஒன்றை ஒரு பெண்ணின் மனசிலிருந்து அவுன்ஸ் அவுன்ஸாக அளந்து ஊற்றச் சொன்னால், குப்பி காலியாகாமல் என்ன செய்யும்?

"அப்படியானால் நர்ஸுக்கும் நோயாளிக்கும் நடுவில் உறவே கிடையாதா?" என்று கேட்பீர்கள். உண்டு. அது தாயுறவும் அல்ல, தங்கையுறவும் அல்ல என்பதுதான் என் கட்சி.

ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொன்ன மனிதர் பக்கவாதத்தில் விழுந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருமகள் வந்து மலஜலம் எடுத்தால் அவருக்கு உயிர் போகிறது. பெற்ற மகனிடம்கூடக் கூச்சம். யாரென்றே தெரியாத ஒரு நர்ஸ் திரையை இழுத்து மூடிவிட்டு, முகம் சுளிக்காமல் துடைத்து, துணி மாற்றிவிட்டுப் போகிறாள். அவளிடம் அவருக்கு வெட்கம் தோன்றுவதில்லை. ஏன்? அவள் அந்நியள்; அதே சமயம் அந்தக் காரியத்துக்கென்று படித்து வந்தவள். நாளைக்குக் குடும்பச் சண்டையில் இதைச் சொல்லிக் காட்ட மாட்டாள். நடுநிசியில் "நான் பிழைப்பேனா, சிஸ்டர்?" என்று அவளிடம் கேட்டுவிடலாம், மனைவியிடம் கேட்டால் மனைவி அழுவாள். இந்த அந்நியத்தனம் எவ்வளவு பெரிய கொடை என்பது படுத்துக் கிடந்தவருக்குத்தான் தெரியும். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அவரே அதை மறந்துவிட்டு, "அன்பில்லை" என்று குறை சொல்லக் கிளம்பிவிடுகிறார்!

அன்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது ஆள் பார்க்கும். வார்டில் நல்லவனும் படுத்திருப்பான். பெண்டாட்டியை அடித்து மண்டையை உடைத்துவிட்டு, பிறகு போதையில் தானும் காலை ஒடித்துக்கொண்டு வந்தவனும் படுத்திருப்பான். அசைய முடியாதவனை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்புக்குக் கீழும் குதிகாலிலும் ரத்த ஓட்டம் நின்று, தோல் செத்து, படுக்கைப்புண் வந்துவிடும். புரட்டுகிறவளின் நெஞ்சில் பாசம் இருந்ததா என்பது அந்தத் தோலுக்குத் தெரியாது. நேரத்துக்கு வந்தாளா என்பது தெரியும்.

பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1973 நவம்பரில் அருணா ஷான்பாக் என்ற இளம் நர்ஸை அந்த ஆஸ்பத்திரிச் சிப்பந்தி ஒருவனே நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்துப் பலாத்காரம் செய்தான். மூளை சிதைந்து படுக்கையில் விழுந்தவர் 2015 மே மாதம் கண்ணை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. அந்த நாற்பத்திரண்டு வருஷம் அவருக்கு ஊட்டி, குளிப்பாட்டி, புரட்டிப் போட்டவர்கள் அந்த ஆஸ்பத்திரி நர்ஸுகள். அவரை அமைதியாகப் போகவிட வேண்டும் என்று பிங்கி விரானி என்ற எழுத்தாளர் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். (அவருடைய கருணையை நான் சந்தேகிக்கவில்லை.) 2011-இல் நீதிமன்றம், அருணாவுக்காகப் பேசும் உரிமை கே.இ.எம். ஊழியர்களுக்கே உண்டென்று சொல்லிவிட்டது. பத்திரிகைகள் இதை 'சகோதரிகளின் பாசம்' என்று எழுதின. நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அருணாவோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக ரிடையரானார்கள். பின்னால் வந்த பெண்கள் அவர் நடமாடிப் பார்த்தவர்கள் அல்லர். பலர் 1973-இல் பிறந்தே இருக்கவில்லை. பாசம் பிற்பாடு வந்திருக்கலாம், வரட்டும். முதலில் வந்தது டியூட்டி.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் நோயாளி, வைத்தியன், மருந்து என்று மூன்றைச் சொல்லிவிட்டு, நாலாவதாகப் பக்கத்திலிருந்து பார்ப்பவனையும் சேர்த்து, மருத்துவத்தில் கால் பங்கை அவனுக்குக் கொடுத்துவிடுகிறார். அவர் அங்கே அம்மா என்றோ அக்கா என்றோ சொல்லவில்லை; 'உழைச்செல்வான்' என்று தொழிலைச் சொல்லித்தான் குறிக்கிறார். சரகர் பணிவிடை செய்பவருக்கு நாலு குணம் கேட்கிறார்: பணிவிடை முறை தெரிந்திருப்பது, கைத்திறன், அன்பு, சுத்தம். நம்மவர்கள் அதில் அன்பு ஒன்றைமட்டும் பிடித்துக்கொண்டு, மற்ற மூன்றையும் காற்றில் விட்டுவிட்டார்கள். காரணம் இருக்கிறது. மற்ற மூன்றுக்கும் காசு கொடுக்க வேண்டும், அன்பு இலவசம்.

பிரசவ வார்டுகளில் ஏழைப் பெண்களைக் கூசும் வார்த்தைகளால் திட்டுகிற நர்ஸுகளை எனக்கும் தெரியும். அதற்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் ஸ்பெஷல் ரூமில் அதே வாய் தேனாக ஒழுகுகிறதே, அதைக் கவனித்தீர்களா? அங்கே அன்பு சுரந்துவிட்டதா? பயம் சுரந்தது. ஏழையைத் திட்டினால் வேலை போகும் என்று ஒரு சட்டம் வரட்டும். அன்பைப் பற்றிய உபன்யாசம் வேண்டாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்றவற்றில் ஐந்துக்கு ஒருத்தி என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த அளவு. இரவு இரண்டு மணிக்கு ஏதாவது ஒரு பொது வார்டில் நின்று எண்ணிப் பாருங்கள். 2015-இல் தமிழ்நாட்டு அரசு ஆயிரக்கணக்கான நர்ஸுகளை மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்துக்கு எடுத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து நிரந்தர வேலை கேட்டார்கள். அப்போது, "சேவை செய்கிறவர்கள் நோயாளியை விட்டுவிட்டு இப்படித் தெருவுக்கு வரலாமா?" என்று கேட்டவர்கள் யார்? அன்பில்லை, ஆதரவில்லை என்று அழுத அதே பெரிய மனிதர்கள்தாம்.

தனியார் ஆஸ்பத்திரிகளின் விஷயம் இதைவிட ரசமானது. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் அமைந்த நிபுணர் குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைந்த சின்ன ஆஸ்பத்திரியானாலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று சிபாரிசு செய்தது. சிபாரிசுதான், கட்டளை அல்ல. நீங்கள் டிஸ்சார்ஜ் ஆகும்போது நீளமாக ஒரு பில் தருகிறார்களே, அதில் 'நர்ஸிங் சார்ஜ்' என்று தினக்கணக்கில் ஒரு வரி இருக்கும். அந்தத் தொகையில் உங்களைப் புரட்டிப் போட்ட பெண்ணுக்கு எத்தனை ரூபாய் போகிறது என்று, கவுன்டரில் பணம் கட்டுவதற்கு முன்னால் வாய்விட்டுக் கேளுங்கள்.