தோற்றது மாணவனா, பள்ளியா?

2023ஆம் ஆண்டு வெளிவந்த 'டுவெல்த் ஃபெயில்' என்னும் இந்தித் திரைப்படத்தை மாணவர்க்குக் காட்டி, "உழைத்தால் உயரலாம்" என்று உரையாற்ற வேண்டும் என ஆசிரிய நண்பர் சிலர் வற்புறுத்துகின்றனர். அவர்தம் நோக்கம் நன்று. ஆயினும், அவர்கள் புகட்ட விரும்பும் பாடம் பாதி உண்மையே. பாதி உண்மை இளம் உள்ளத்தைப் புண்படுத்தவும் கூடும்.

படத்தை யான் பழிக்கவில்லை. விது வினோத் சோப்ரா இயக்கிய அப்படம், சம்பல் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்து, இந்தியக் காவல் பணி அதிகாரியாக உயர்ந்த மனோஜ் குமார் சர்மாவின் வாழ்வைத் தழுவியது. மாவு அரைவை ஆலையில் உழைத்தபடியே படிக்கும் இளைஞனாக விக்ராந்த் மாசி நெஞ்சில் நிறைகிறார். குறை கலையில் இல்லை. நாம் கொள்ளும் பொருளில் உள்ளது.

கணக்கைப் பாருங்கள். இந்தியாவின் 2022ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் முதனிலைத் தேர்வு எழுதியோர் 5,73,735 பேர். முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றோர் 13,090 பேர். இறுதியில் பரிந்துரைக்கப்பட்டோரோ 933 பேர்தாம். அவ்வளவு தொலைவு வந்தும் இடம் பெறாத பன்னீராயிரம் பேரும் சோம்பேறிகளா? படமே இதற்கு விடை கூறுகிறது. வாய்ப்புகள் அனைத்தையும் இழந்து, தேநீர்க் கடை நடத்திக்கொண்டே இளையோர்க்கு வழிகாட்டும் கௌரி அண்ணன் உழைக்காதவரா?

"மாணவர்க்கு ஊக்கம் வேண்டாவா?" என்பீர்கள். வேண்டும். யானும் தேர்வுக்கு முன்பு அத்தகைய உரைகளை முழங்கியவனே. ஓராண்டு, தேர்ச்சி பெறாத மாணவன் ஒருவன் என்முன் நின்று, "நான் போதுமான அளவு உழைக்கவில்லை, ஐயா" என்றான். நாள்தோறும் விடியுமுன் எழுந்து, தாயுடன் நாசி லெமாக் பொட்டலம் கட்டிவிட்டுப் பள்ளிக்கு வந்தவன் அவன்! அச்சொல்லை அவனுக்குக் கற்பித்தவன் யான் என்று உணர்ந்தபோது நாணினேன்.

ஆசிரியர்களாகிய நாம் காண வேண்டிய காட்சி படத்தின் தொடக்கத்திலேயே உள்ளது. மனோஜ் பயின்ற பள்ளியில் தேர்வறையிலேயே விடைகள் வழங்கப்படுகின்றன. நேர்மையான காவல் அதிகாரி ஒருவர் அதனைத் தடுத்ததும் மாணவர்கள் தோற்கின்றனர். அங்கே தோற்றது மாணவனா? இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கற்பிக்காமலே கற்பித்ததாகக் காட்டிய பள்ளி தோற்றது. தேர்ச்சி விழுக்காட்டைக் கல்வியென மயங்கிய ஆசிரியர் தோற்றனர்.

ஆகவே, படத்தைக் காட்டுங்கள்; தடையில்லை. ஆனால், மாணவர்க்குக் காட்டுமுன் ஆசிரியர் அறையில் நாம் ஒருமுறை பார்ப்போம். "நீ உழைத்தாயா?" என்று மாணவனைக் கேட்குமுன், "யான் கற்பித்தேனா?" என்று நம்மை நாமே கேட்போம். அவ்வினாவுக்கு அஞ்சாதவரே ஊக்கவுரை நிகழ்த்தத் தகுதி உடையவர்.