துணிச்சல்காரர்கள் தயவுசெய்து கரையிலேயே இருக்கவும்

"கடல் உனக்கு என்ன கத்துக்கொடுத்துச்சுன்னு ஒரு பத்து ஸ்லைடு போடேன். லீடர்ஷிப், ரிஸ்க் எடுக்கிறது, அந்த மாதிரி."

கேட்டவர் என் மேனேஜர். வரும் குளிர்காலத்தில் கேனரி தீவுகளிலிருந்து கரீபியன் வரை, கிட்டத்தட்ட 3000 கடல்மைல், ஒரு பாய்மரப் படகுப் பந்தயத்தில் அமெச்சூராகப் போகிறேன் என்ற செய்தி அலுவலகத்தில் பரவியிருந்தது. அதே வாரம் ஊரிலிருக்கும் இலக்கிய நண்பன் வாட்ஸப்பில் எழுதினான்: "மச்சி, பேரிருப்பின் முன்னால் மனிதன்னு ஒரு கட்டுரை அடி." மேனேஜரும் நண்பனும் வாழ்க்கையில் சந்திக்கவே போவதில்லை. ஆனால் இருவரும் என்னிடம் கேட்டது ஒரே சரக்கு. துணிச்சல்.

அந்தச் சரக்கு என்னிடம் இல்லை. இருந்தாலும் விற்க மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

தெற்கு இங்கிலாந்தின் ஸோலண்ட் நீரிணையில் இதுவரை மூன்று கட்டப் பயிற்சி முடித்திருக்கிறேன். பயிற்சி என்றால் என்ன நினைக்கிறீர்கள்? முதல் நாள் கக்கூஸ் பம்ப்பைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அடுத்து, படகின் அடிவயிற்றில் தேங்கும் அழுக்குத் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுப்பது. சாய்ந்து ஆடும் அடுப்பில் பன்னிரண்டு பேருக்குப் பாஸ்தா வேக வைப்பது. கண்ணை மூடிக்கொண்டு போலைன் முடிச்சுப் போடுவது. நாலு மணி நேரம் மேலே, நாலு மணி நேரம் கீழே என்று மாறி மாறி வரும் வாட்ச்சில், ஈர உடுப்போடு தூங்கிப் பழகுவது. ஒரு நண்பகலில் டெக்கில் நின்றிருந்தபோது நானூறு மீட்டர் நீளக் கன்டெய்னர் கப்பல் ஒன்று எங்களைக் கடந்து சவுத்தாம்ப்டனுக்குள் போனது. அதில் வேலை செய்பவர்களிடம் எவனும் பத்து ஸ்லைடு கேட்பதில்லை. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். நாங்கள் காசு கட்டுகிறோம், அதனால் எங்களுடையது சாகசம். "காசு குடுத்து யாராச்சும் கஷ்டத்த வாங்குவாங்களாடா?" என்று அம்மா கேட்டதற்கு இன்னும் என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை.

இந்தப் பயிற்சி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் பொருள் ஒன்று உண்டு. டெதர். லைஃப் ஜாக்கெட்டையும் படகையும் இணைக்கும் பட்டையான நாடா, நுனியில் கொக்கி. டெக்கின் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் பட்டையில் அந்தக் கொக்கியை மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

இரண்டாவது கட்டப் பயிற்சியில், வைட் தீவுக்குத் தெற்கே, அதிகாலை மூன்று மணி. காற்று ஏறியிருந்தது. பாயைச் சுருக்க வேண்டும், மரத்தடிக்குப் போ என்றார்கள். ஒன்றரை மணி நேரத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவன், நடுவில் ஓர் இடத்தில் நாடா சிக்கியதால் கொக்கியைக் கழற்றிவிட்டு, இரண்டு மீட்டர் தூரத்தை எதையும் மாட்டாமல் கடந்தேன். சரசரவென்று போனேன். உண்மையைச் சொன்னால் நன்றாக இருந்தது. பயமே இல்லை. 'இதுக்குத்தானே வந்தோம்' என்று கூடத் தோன்றியது.

பயிற்சியாளர் ஐம்பது தாண்டிய பெண்மணி. திட்டவில்லை. கீழே போய் எல்லாருக்கும் டீ போடச் சொன்னார். காலையில் ஒரே கேள்வி கேட்டார்: "எந்த இடத்தில் நாடா சிக்கியது?" போய்க் காட்டினேன். வழியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கயிற்றுச் சுருளை அங்கிருந்து எடுத்து வேறிடத்தில் மாட்டினார். அவ்வளவுதான் விசாரணை.

அதற்குப் பிறகுதான் பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கைகளை வாசிக்க ஆரம்பித்தேன். சமீபத்தில் நான் படித்த ஆகச்சிறந்த கடல் எழுத்து அதுதான் என்றால் நண்பன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். கிளிப்பர் என்றொரு உலகச் சுற்றுப் பந்தயம் உண்டு. 1996இல் தொடங்கியது, சுமார் 40,000 கடல்மைல், படகில் பெரும்பாலோர் காசு கட்டி வரும் அமெச்சூர்கள். முன்னனுபவம் கட்டாயமில்லை, நான்கு கட்டப் பயிற்சி கட்டாயம். நிறுவனர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், 1969இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிவந்த முதல் மனிதர். (அவருடைய சுஹைலி நம் பம்பாயில் கட்டிய படகு.) அவரை யாரும் 'சாதாரண மனிதனின் துணிச்சல்' என்று சொன்னால் நம்பாதீர்கள். அவர் வணிகக் கப்பல் அதிகாரி, கடல்தான் அவர் தொழில்.

அந்தப் பந்தயத்தில் 2015இலும் 2016இலும் ஆளுக்கொரு மரணம். முதலாமவரைப் பாயைக் கட்டுப்படுத்தும் கயிறு அடித்தது. இரண்டாமவர் பசிபிக்கில் அடித்துச் செல்லப்பட்டபோது டெதரை மாட்டியிருக்கவில்லை. இதை வாசிக்கும்போது மனம் உடனே ஒரு தீர்ப்பு எழுதுகிறது, இல்லையா? 'மாட்டியிருக்கணும்.' நானும் எழுதினேன், இரண்டு மீட்டரை வெறுமனே கடந்தவன்.

ஆனால் 2017? தென்னிந்தியப் பெருங்கடலில், முன்பாயை மாற்றிக்கொண்டிருந்த ஒருவரை அலை வெளியே தள்ளியது. அவர் மாட்டியிருந்தார். சொன்னதையெல்லாம் செய்திருந்தார். கொக்கி டெக்கிலிருந்த கயிறு கட்டும் இரும்புக் கட்டையின் அடியில் சிக்கி, பக்கவாட்டில் இழுபட்டு, வளைந்து, விட்டுவிட்டது. மீட்டுப் படகில் ஏற்றியும் உயிர் திரும்பவில்லை. அந்த டெதர் சர்வதேசத் தரச்சான்று பெற்றது. நேராக இழுத்தால் தாங்கும். பக்கவாட்டு இழுவை அந்தத் தரப் பரிசோதனையிலேயே இல்லை. என் தொழில் பாஷையில்: எல்லா டெஸ்ட்டும் பச்சை, புரொடக்‌ஷனில் விழுந்தது.

அறிக்கை யாரையும் குற்றம் சொல்வதில்லை, அது அதன் வேலையும் இல்லை. கொக்கி எங்கே சிக்கலாம் என்று பார்த்து மாட்டு என்கிறது. படகில் சம்பளத்துக்கு இருந்த தொழில்முறை ஆள் ஸ்கிப்பர் ஒருவர் மட்டுமே, அது போதுமா என்று கேட்கிறது. அடுத்த பந்தயத்திலிருந்து இரண்டாவது ஆள் வந்தார். நம் சாகசப் பேச்சு என்ன கேட்டிருக்கும்? 'கனவைத் துரத்தியபடி மறைந்தார்' என்று ஒரு போஸ்ட். ஐந்நூறு இதயக் குறிகள். கொக்கி அப்படியே இருந்திருக்கும்.

இதனால்தான் எனக்கு அந்தச் சொல்லின் மேல் கோபம். துணிச்சல் என்று ஆரம்பித்தவுடன் பிழைத்தவன் வீரன், செத்தவன் ஒன்று தியாகி அல்லது முட்டாள். நடுவிலிருக்கும் நாடா, கொக்கி, தூக்கமின்மை, ஆள்பற்றாக்குறை எதற்கும் அந்தக் கதையில் இடமில்லை. 'ரிஸ்க் எடு' என்று மேடையில் பேசுபவர் யாருடைய ரிஸ்க்கைச் சொல்கிறார்? நான் விழுந்தால், இருட்டில் படகைத் திருப்பி, மேல்தளத்தில் தொங்கி என்னைத் தேடப் போவது பதினொரு பேர். என் இரண்டு மீட்டர் வீரத்தை அவர்களிடம் கேட்காமலேயே அவர்கள் கணக்கில் எழுதிவிட்டேன்.

"அப்ப பயந்துகிட்டே போகணுமா?" என்றான் நண்பன். பயம், தைரியம் இரண்டுமே அதிகாலை மூன்று மணிக்கு வேலைக்கு ஆகாதவை. அந்த நேரத்தில் எழுந்து வருகிறவன் வேறொருவன். பாதித் தூக்கத்தில் இருக்கும் மடையன், என் பெயரும் என் கைகளும் உள்ளவன். அவனுக்கு யோசிக்கத் தெரியாது. நான் இப்போது செய்யும் தயாரிப்பு எல்லாம் அவனுக்காக. அபார்ட்மென்ட் மாடிப்படிக் கைப்பிடியில், விளக்கை அணைத்துவிட்டு, முதல் கொக்கியைக் கழற்றும் முன் இரண்டாவதை மாட்டிப் பழகுகிறேன். மூன்றாவது மாடிப் பாட்டி ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் மூடிக்கொண்டார்.

மேனேஜருக்கு ஒரே ஒரு ஸ்லைடு அனுப்பினேன். கொக்கி ஒன்றின் படம், அது எங்கெல்லாம் சிக்கலாம் என்று அம்புக்குறிகளோடு. "இதில் லீடர்ஷிப் எங்கே?" என்று பதில் வந்தது. இன்னும் பதில் போடவில்லை. சனிக்கிழமை மீண்டும் இரவுப் பயிற்சி. அந்தக் கயிற்றுச் சுருள் பழைய இடத்துக்கு வந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.